மாதாவின் பாதி தினார்

ஈராக் தினார் ஏறுமா என்று என் மாமனார் சவரிராஜ் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கேட்பார். ஏறாது என்பேன். என் மனைவி ஃபிளோரா இறந்தபின் எங்கள் இருவருக்கும் மிஞ்சிய பேச்சு அது ஒன்றுதான். அதற்காகவே பாபநாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மாமா ஈராக்கில், பாஸ்ராவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியபோது, சம்பளத்தில் ஒரு பகுதியை தினாராகவே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு நோட்டிலும் இருபத்தைந்தாயிரம் என்று அச்சடித்திருக்கும். இங்கே மாற்றினால் ரூபாயில் இரண்டாயிரம்கூடத் தேறாது. ஒரே ராத்திரியில், ஒரு தினாருக்கு மூன்று டாலர் என்ற பழைய மதிப்புக்கு வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ தினமும் சத்தியம் செய்தார்கள்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அச்சடித்த நோட்டுகள், எண்ணெய் விலை என்று எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நெல்லு விலை ஏறும்னும்தான் நீங்க சொல்லல மாப்ளை. ஏறுச்சுல்ல?"

ஒரு சனிக்கிழமை போனபோது விஷயம் முற்றியிருந்தது. மேலும் தினார் வாங்க, இருக்கிற இரண்டு மா நஞ்சையை விற்கப்போகிறார். திங்களன்று தரகர் ராஜ்குமார் முன்பணத்தோடு வருகிறார். வீட்டுக்குச் சோறு போடுவது அந்த நிலம்தான். அத்தை மரியபுஷ்பம் எப்படியாவது தடுக்கச் சொன்னார். நான் மறுபடி எண்ணெய் விலையில் ஆரம்பித்தேன். அத்தை போதும் என்று கைகாட்டிவிட்டுப் பூண்டி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பி வந்து சொன்னார். தினார் ஏறினால் பாதி மாதாவுக்கு என்று நேர்ந்திருந்தாராம். அந்தப் பாதியை முன்கூட்டியே உண்டியலில் போட்டுவிட்டாராம்.

மாமா பீரோவைத் திறந்து பார்த்தார். உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப மாதாவும் இதுல பங்கா?"

"சரிபாதிங்க," என்றார் அத்தை.

மாமாவின் அப்பா, விளைச்சலில் பாதி மிராசுதாருக்கு என்று வாரத்துக்கு உழுதவர். மிராசுதார் களத்துக்கு வராமல் அவர் ஒரு மரக்கால் நெல்லைத் தொட்டதில்லை என்று மாமா என்னிடம் சொன்னார். பங்குக்காரரைக் கேட்காமல் மேற்கொண்டு வாங்குவது முறையில்லையாம்.

மறுநாள் என்னையும் பூண்டிக்கு அழைத்துப்போனார். வெகுநேரம் முட்டிபோட்டிருந்தார். நான் தூணில் சாய்ந்து நின்றேன். வெளியே வந்ததும் தரகருக்கு ஃபோன் போட்டார்.

"ராஜ்குமாரு, நாளைக்கு வர வேணாம். பங்குக்காரவங்க இன்னும் சம்மதம் சொல்லல."

யார் அந்தப் பங்குக்காரர், நான் பேசிப் பார்க்கட்டுமா என்று தரகர் கேட்டிருக்க வேண்டும்.

"பேசலாமே. வரிசைல நிக்கணும்," என்றார் மாமா.