கன்னிமூலையில் ஒரு ராணி

எனக்குக் கை கால் சும்மா இருக்காது. மண்டை அதைவிட மோசம். ஒரு கேள்வி உள்ளே புகுந்துவிட்டால் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் என்பதால் வெளியே இதை மரியாதையாக ஆர்வம் என்கிறார்கள். வீட்டில் என் அப்பா வேதநாயகம் வைத்த பெயர் நோண்டி.

இந்த முறை கேள்வி எங்கள் நிலத்தைப் பற்றியது. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில் எங்களுக்கு நெல் விளைகிற வயலும் ரோட்டோரத்தில் ஒரு வீடும் இருந்தன. சுனாமி அன்று பூமியே கீழே இறங்கிவிட்டது. அலை வீட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று, கடல் போகவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் உப்புத் தண்ணீர் வந்து வயலை மூடுகிறது. நாங்கள் கராச்சர்மாவில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பாட்டுத்தான்.

"எறங்குன பூமி ஏறும் மக்ளே. நீ வேணா பாரு."

ஏறுமா? அதுதான் கேள்வி. கான்ட்ராக்டர் சொக்கலிங்கம் அந்த இடத்தை மண் கொட்டி மேடாக்கி குடோன் கட்டக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தால் அப்பா சாவதற்குள் சொந்தக் கூரையின் கீழ் படுக்கலாம். கொடுத்த பிறகு பூமி ஏறினால் அந்த மனுஷன் அந்த ஏக்கத்திலேயே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், முடிவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சொக்கலிங்கம் சொல்லியிருந்தார். எனக்கோ நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

அந்த வாரம்தான் மேன்லேண்டிலிருந்து ஹரிஹரன் வந்தார். சேற்றைத் தோண்டி அதன் வயதைப் பார்க்கிற ஆராய்ச்சியாளர். எங்கள் வயலில் தோண்ட அனுமதி கேட்டார். நான் மண்வெட்டியோடு போய் நின்றேன்.

வயல் மண்ணுக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு சேறு. அதில் உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் மரத்தின் பழைய வேர்கள்.

"அப்ப இங்க முன்னாடியும் கடல் இருந்திருக்கு மேடம். அப்புறம் தரை ஏறியிருக்கு. எப்பன்னுதான் தெரியல" என்றார் ஹரிஹரன்.

ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் என்றால் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷம் என்றால் அப்பாவின் பேச்சில் உயிர் இருக்கிறது. விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில், 1881ஆம் வருஷக் கடைசி நாளில், நிக்கோபார் பக்கம் பூமி ஆடியிருக்கிறது. அன்றைய அலையைப் போர்ட் பிளேரில் இருந்த ஒரு கருவி கோடு போட்டுப் பதிந்து வைத்திருக்கிறது. இங்கே பழமைக்குப் பேர்போன சாத்தம் மரஆலைகூட அப்போது கிடையாது. ராணி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. கைதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து தள்ளியதுதான் அவள் ராஜ்ஜியம் இங்கே செய்தது. ஆனால் அந்த ராஜ்ஜியத்திலும் கடல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் இருப்புக்கொள்ளாத யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஒரே வியாதி. அந்த ஆட்டத்தில் எங்கள் சிப்பிகாட்டுத் தரை இறங்கியதா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் வாய்க்கால் திரும்புகிற இடத்தில் இரண்டாவது குழி போட்டோம். கறுப்புச் சேற்றுக்குள் கையைவிட்டுத் துழாவினேன். வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தால் வெள்ளி ரூபாய்! ஒரு பக்கம் கிரீடம் வைத்த விக்டோரியா. மறுபக்கம் 1880.

"ஐயோ சார்!" என்று கத்தியேவிட்டேன்.

"மேடம், ரொம்ப சந்தோஷப்படாதீங்க. லேப் ரிசல்ட் வரட்டும்" என்றார் ஹரிஹரன். சொல்லிக்கொண்டே காசை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தார். ராணி காலத்தில் இந்தச் சேறு கடலடியில் இருந்தது என்றால், அதற்கப்புறம்தான் அது நெல் வயலாக ஏறியிருக்கிறது. ஏறுகிற பூமிதான் இது!

அப்பாவுக்குக் கண்ணில் புரை. காசை விரலால் தடவிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முதலில் முகம் சுண்டிவிட்டது.

"ஒங்கம்மைட்டயும் இப்படி ஒண்ணு கெடந்துச்சு. கல்யாணத்துக்குக் கழுத்துல போட்டுட்டு வந்தது. அத அவ அண்ணன் கிளமெண்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டா."

"குடுக்கலன்னுதானப்பா அம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க?"

"பின்ன எங்க போச்சாம்? கேட்டா வாயத் தொறந்தாளா? பஸ், போதும், அத விடு."

நான் பிறப்பதற்கு முன்னால் தொடங்கிய சண்டை அது. தூத்துக்குடியில் இருக்கிற கிளமெண்ட் மாமாவோடு அப்பாவுக்கு அன்றோடு பேச்சு அறுந்தது. அம்மா லூசி அடக்கத்துக்கு மாமா பிளேன் ஏறி வந்தபோதுகூட அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மனுஷன் தெளிந்துவிட்டார். உடனே சொக்கலிங்கத்துக்குப் போன். "நீங்க ஞாயித்துக்கெழம வராண்டாம். நெலம் ஏறப்போவுது. பக்கா! எம்மக கண்டுபிடிச்சிட்டா." அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை காலம்!

அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா நான்?

காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்புப் போகப் போக, ராணியின் கிரீடத்துக்கு மேலே விளிம்பில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. வளையம் பற்றவைத்து உடைந்த தழும்பு. மாலையில் கோத்த காசு. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கடல் வற்றும் நேரம் பார்த்து சிப்பிகாட் பஸ் ஏறினேன்.

குழியில் இறங்கி, காசு கிடந்த இடத்தைச் சுற்றி விரலால் கிளறினேன். சிவப்பாக மக்கிய மரத்துண்டு வந்தது. தூணாக நட்ட மரக்காலின் அடிப்பகுதி. அதற்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு மெடல். துடைத்தேன். வேளாங்கண்ணி மாதா, அலுமினியத்தில். ராணி காலத்துச் சேற்றில் அலுமினிய மாதா எப்படி வருவாள்? யாரோ இங்கே கால் நடக் குழி தோண்டியிருக்கிறார்கள். அந்தக் குழி வயல் மண்ணைத் தாண்டிக் கறுப்புச் சேறு வரைக்கும் போயிருக்கிறது. காசு சேற்றின் காலத்தது இல்லை, குழியின் காலத்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவின் நிலத்தை என் கையாலேயே மறுபடியும் முக்கிவிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவர் சொந்த வீட்டை வேண்டாம் என்று சொன்னது என் காசை நம்பி. பொய்யின் மேல் அவரை உட்காரவைத்துவிட்டு நான் எப்படிப் பாடம் நடத்துவேன்?

ஹரிஹரனுக்குப் போன் செய்தேன். மெடலைப் பற்றிச் சொன்னேன். "நல்லவேளை மேடம், ரிப்போர்ட் எழுதுறதுக்கு முன்னாடி சொன்னீங்க. வேர்த்துண்டுங்க லேப்புக்குப் போயிருக்கு. அது சொல்லட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சேற்றுக் காலோடு அப்பா முன்னால் நின்றேன்.

"அப்பா, நீங்க மொதல்ல கட்டுன குடிசை எங்க இருந்துச்சு?"

"ரோட்டோர வீடு கட்டுறதுக்கு முன்னாடி இருந்ததா? வாய்க்கா திரும்புற எடத்துல. நீ பொறக்கு முன்னால பிரிச்சாச்சே. ஏன்?"

காசைக் கொண்டுவந்த அன்று எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரிய நோண்டி நான்!

"காசு அங்கதாம்ப்பா கெடச்சுது. குடிசைக் காலுக்கு அடியில. கூட இதுவும்." மெடலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "அது ராணி காலத்துல விழுந்த காசு இல்ல. சேறு எத்தன வருஷத்துதுன்னு எனக்குத் தெரியாது. நெலம் ஏறும்னு நான் சொன்னது தப்பு."

நிலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மெடலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்த மூலக் காலு?" என்றார்.

"வாய்க்கா வளைவ ஒட்டுன தென்மேற்கு மூல."

"கன்னிமூல." மெடலை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "அந்தக் காலு நாந்தான் நட்டது. கன்னிமூலக் காலுக்கடியில வீட்டுக்காரிதான் காணிக்கை வைப்பா. என்னத்த வச்சான்னு ஆம்பள பாக்கக்கூடாது. அவளும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னா வீடு தங்காதும்பா. அதான் மொற. அவ குழிக்குள்ள கைய விட்டப்ப நான் அங்கிட்டுத் திரும்பி நின்னேன்."

"அப்பா..."

"குடிசையப் பிரிச்சப்ப காலுகளத் தரையோட அறுத்துட்டேன். அடிய யாரு தோண்டுனா? அரே, திரும்பி நின்ன நானே அவள திருடின்னேன். அத்தன வருசம்!" அப்பா அழுது நான் பார்த்ததில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே அம்மா! அந்தக் குடிசையும் இல்லை, அந்த ரோட்டோர வீடும் இல்லை. யாருக்காக வாயை மூடிக்கொண்டு போனாய்?

அழுது முடித்து முகம் துடைத்தார்.

"அந்தப் பய லேப்புல எப்ப சொல்லுவானாம்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"டீக் ஹை, சரி. ஏறாதுன்னா சொக்கலிங்கத்துக்குக் குடுத்துருவோம். ஏறும்னா வச்சிருப்போம். தெரியாம இனி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." காசை எடுத்து மெடலோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கிளமெண்டு நம்பரு ஒங்கிட்ட கெடக்கா?"

இருந்தது. அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். போட்டுக் கொடுத்தேன். போனை அவர் காதில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் "யாரு?" என்று கிழட்டுக் குரல் ஒன்று கேட்டது.

"மச்சான், நான் வேதநாயகம்" என்றார் அப்பா. "லூசிக்க காசு கெடச்சிருச்சு. எங்கிட்டதான் இருந்திருக்கு."