பள்ளிக்கூடத்து வயது

“நாப்பத்தஞ்சு முடியறதுக்குள்ள அங்கேருந்து அழைப்பு வந்தாகணும் சிஸ்டர். உங்களுக்கு ஜூன் ஒண்ணாம் தேதியோட முடிஞ்சிடுதே” என்றார் ஆலோசகர் பேட்ரிசியா, என் மகளிடம். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் பதினெட்டு. தில்லைநகரில் மாடியில் இருக்கும் அந்த விசா ஆலோசனை அலுவலகத்தில் ஏசி நன்றாகத்தான் ஓடியது. எனக்கு மட்டும் வேர்த்தது.

என் மகள் கலைமதி டயாலிசிஸ் நர்ஸ். பதினெட்டு வருட அனுபவம். நிரந்தர விசாவில் ஆஸ்திரேலியா போய்விட வேண்டும், பத்தாவது படிக்கும் பேத்தி சுபஸ்ரீயையும் கையோடு கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளை பிரிந்துபோன பிறகு அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்த ஒரு நினைப்புதான். முன்பே போயிருப்பாள். மூன்று வருடம் படுக்கையில் கிடந்த அவள் அம்மாவை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அம்மா காலமான பிறகுதான் புத்தகத்தை எடுத்தாள். போன மாதம் ஆங்கிலப் பரீட்சையில் தேறினாள்.

படிப்பையும் அனுபவத்தையும் ஆஸ்திரேலியாவில் சரிபார்க்கவே நாலைந்து மாதம் பிடிக்குமாம். ஏதாவது ஆஸ்பத்திரி ஸ்பான்சர் செய்தாலும் அந்த விசாவுக்கும் அதே வயது வரம்புதானாம். மிச்சம் இருப்பது வளைகுடா. இரண்டு வருட ஒப்பந்தம், நர்ஸ்கள் விடுதியில் தங்கவேண்டும், பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது.

“நான் நெஜமா பொறந்தது அதுக்கு அடுத்த தை மாசம் மேடம். வீட்லயே பொறந்ததால பதிவு எதுவும் இல்ல. ஹெட்மாஸ்டர் அவரா ஜூன்னு போட்டுட்டார்” என்றாள் கலைமதி.

“இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஜூன்தான் சிஸ்டர். ஆனா பத்தாவது சர்டிபிகேட், நர்சிங் பதிவு, பாஸ்போர்ட் எல்லாத்துலயும் அதுதானே இருக்கு. இப்பப் போய் மாத்துனா சந்தேகம்தான் வரும்.”

ஏழு மாதத்துக்கு மேல். அது கையில் இருந்திருந்தால் என் மகள் தாராளமாக விமானம் ஏறியிருப்பாள்.

பாவம் ஹெட்மாஸ்டர், செத்துப் பல வருடமாகிறது. பழியை அவர்மேல் போட்டு வைத்தவன் நான். லால்குடி பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவர் குழந்தையின் கையைத் தலைக்கு மேலே வளைத்துப் பார்த்தார். விரல் காதை எட்டவில்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்றார். நான் விடவில்லை. “அஞ்சு முடிஞ்சிடுச்சு சார், எங்க வம்சத்துக்கே கை குட்டை” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஜூன் ஒன்று என்று எழுதினார். அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை கல்யாண வீட்டில் பேசிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் காதில் விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இதற்குமேல் மென்று விழுங்க முடியவில்லை.

அவள் திரும்பவில்லை. “அப்படி என்னப்பா அவசரம்?”

“பெரியப்பா மவன் அந்த வருஷம் ஒண்ணாவது சேந்தான். நீ அவனுக்கு ஒரு கிளாஸ் கீழ படிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“அவன் எட்டாவதோட நின்னுட்டானேப்பா.”

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணன்மீது இருந்த அற்பப் பொறாமைக்கு என் பெண்ணின் வாழ்நாளில் கைவைத்திருக்கிறேன்.

அவள் பையிலிருந்து வளைகுடாப் படிவத்தை எடுத்து மடியில் வைத்து நிரப்ப ஆரம்பித்தாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் ரத்தினவேல் என்று என் பெயர். உறவு, அப்பா. அடுத்து வயது.

“உங்களுக்கு என்ன வயசுப்பா?”

“ஆதார்ல எழுபத்தொண்ணு.”

“ஆதார் கெடக்கட்டும். நெஜமா என்ன வயசு? சுபஸ்ரீய ரெண்டு வருஷம் உங்ககிட்டதானே விட்டுட்டுப் போகணும்.”

என் பிறப்பை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுபத்தைந்து இருக்கலாம். கூடவும் இருக்கலாம். காவிரிப் பாலத்தின் நடுவே நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவள் பேனாவைக் காகிதத்தின் மேல் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.