அக்கா சொன்ன பிரெஞ்சுப் படம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்குப் பிரியவதனி கைபேசியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். மடத்துவெளியில் ஆறரை என்றால் பாரிஸில் மூன்று மணி. அங்கே அஜந்தா அக்காவின் புருஷன் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போயிருப்பார். அக்கா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் கைபேசியை அதற்கு நேரே பிடிப்பாள். படம் ஓடும். பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும் தமிழில் கதை சொல்லும்.

முன்பெல்லாம் அக்காவின் அழைப்பு இரண்டு நிமிடம் தாண்டாது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு வீட்டோடு கிடக்கும் பிரியவதனிக்குச் சொல்லப் புதிதாய் ஒன்றும் இராது. அக்காவுக்கும் இராது. "சரி, வைக்கட்டே?" என்பாள். ஒரு மாதத்துக்கு முன் அப்படி வைக்கப்போன நேரம், அவளுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் பகுதி பகுதியாகப் போடும் ஒரு பழைய படம் ஓடியது. மழைக்குள் ஓர் உப்பு வண்டில். மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் வாள்வீரன். பிரியவதனிக்கு உடனே பிடிபட்டது. வாசிகசாலையில் இரவல் எடுத்துத் திருப்பிக் கொடுக்காமலே வைத்திருக்கும் மொழிபெயர்ப்பு நாவல் அது. சிறையில் கிடக்கும் தளபதியை மீட்கப் போகிறவனின் கதை. அவளுக்கு வரி வரியாகப் பாடம்.

"அது என்ன படம், அக்கா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"ஏதோ பழங்கதை. பொறு, பாத்துச் சொல்லுறன்."

அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் அக்கா வைக்கவில்லை.

இரண்டாம் கிழமையே பிரியவதனிக்கு விளங்கிவிட்டது. பாலத்தில் வாள்வீரனை அவனுடைய நண்பன் மறிக்கிறான். 'உன்னைக் காட்டிக்கொடுத்தது பொன்னுக்காக அல்ல, பயத்தால்' என்று அவன் சொல்லும் இடம். அதை வாசித்து அவள் அழுதிருக்கிறாள். அக்கா சொன்னாள்: "சரியான குளிராக் கிடக்கு, உள்ளுக்கை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வெட்டுப்படுவம் எண்டுறான்."

பிரியவதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, யன்னலில் நின்று அவனைச் சபிக்கும் கிழவி வந்தாள்.

"என்ரை வாசலுக்கு ஒருத்தரும் வாறேல்லை, நீயாவது கொஞ்சம் இருந்திட்டுப் போ எண்டுது" என்றாள் அக்கா.

பிரியவதனிக்கு அதற்குச் சிரிப்பு வரவில்லை. "பிறகென்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

நாலாம் கிழமை படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கே கதவு திறந்த சத்தம் கேட்டது. அத்தான் வேளைக்கே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேட்டிருக்க வேண்டும். பெரிதாகச் சிரித்தார்.

"உமக்கு எப்பவப்பா பிரெஞ்சு வந்தது? பதினொரு வருசமா மருந்தெடுக்கவே நானெல்லோ கூட வாறனான். பிரியா, உம்மடை அக்கா அளந்து விடுறா, நம்பிப் போடாதையும்!"

கைபேசி ஆடியது. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிரியவதனி, அத்தானோடு இதுவரை நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. இப்போது அக்கா வைத்துவிடுவாள். இனி ஞாயிற்றுக்கிழமையும் இராது.

"இல்லை அத்தான்," என்றாள். "அந்தப் புத்தகம் என்னட்டைக் கிடக்கு. அக்கா சொன்னதெல்லாம் அப்பிடியே அதிலை இருக்கு."

"மெய்யே? அப்ப நான்தான் மொக்கன்" என்றபடி அவர் குளிக்கப் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா வாய் திறந்தாள்.

"அந்தக் கிழவி சொன்னதும் இருக்கோ?"

பிரியவதனி தலையணைக்குக் கீழிருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தாள், மூடினாள்.

"கதை முழுக்கத் தெரிஞ்சுகொண்டே என்னைப் பேய்க்காட்டினனீ?"

"நீங்கள் வைச்சிடுவியள் எண்டு..."

படத்தில் வாள்வீரன் தளபதியைத் தோளில் சுமந்துகொண்டு கோட்டைச் சுவரால் இறங்கினான். கீழே வந்ததும் இரண்டு பேரும் ஏதோ நீளமாகப் பேசினார்கள். அக்கா அதற்குத் தமிழ் சொல்லவில்லை. பிரியவதனியும் கேட்கவில்லை. படம் முடிந்து திரை கறுத்தது. நடித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கின. அவை ஓடி முடியும் வரைக்கும் இரண்டு பேரும் வைக்கவில்லை.