காதுமடல்

மார்ச் பதினொன்றாம் தேதி, குழந்தைகள் நல அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஓர் உத்தரவு கையெழுத்தானது: வளர்ப்பு வீட்டில் இருக்கும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை, நோய் குணமாகி வந்திருக்கும் அதன் தாயிடம் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

கைக்குழந்தையாக வந்த நாளிலிருந்து அவளை வளர்த்தவள் ஒரு தையல்காரி. ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். தினமும் தொட்டிலருகே நின்று, “ஆண்டவரே, உங்க விருப்பப்படியே நடக்கட்டும். ஆனா பிள்ளை மட்டும் இங்கயே இருக்கட்டும்” என்று வேண்டிக்கொள்வாள்.

“அவருக்கே நிபந்தனை போடுற பாரு, நீ பெரிய ஆளுடி” என்று லாரி ஓட்டும் கணவன் சீண்டுவான்.

உத்தரவு வந்தபின் அவன் சீண்டவில்லை. யாரைக் கேட்டாலும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவளால் முடிந்தது குழந்தையின் துணிகளை மடித்து வைப்பது ஒன்றுதான். மடித்தாள், கலைத்தாள், மறுபடி மடித்தாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகக் கார் வந்தது. பெற்றவள் ஒல்லியாக, மிரண்டுபோய் இருந்தாள். அவள் கைக்கு மாறியதும் குழந்தை வீறிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு திமிறியது.

“அக்கா, என்ன வேணும் இவளுக்கு? என்னைப் பிடிக்கலையா?”

தையல்காரிக்குத் தெரியும். தூக்கியிருப்பவரின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் சுண்டெலி அடங்குவாள். விரலில் தோடு குத்தினால் இன்னும் கத்துவாள். அதற்காகவே தையல்காரி தோடு போடுவதை விட்டிருந்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால்? இந்தப் பெண் எத்தனை நாள் தாங்குவாள்? பிள்ளை திரும்பி வந்தாலும் வரும்.

குழந்தை தேம்பித் தேம்பிக் கருத்துப்போனது. தன் வேண்டுதலின் முதல் பாதியை இத்தனை நாளும் வாயளவில்தான் சொல்லி வந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

“தோட்டைக் கழட்டும்மா.”

“என்னக்கா?”

“கழட்டு, சொல்றேன். தோள்ல போட்டுக்க. காதை அவகிட்ட குடுத்துடு. காது பிய்ஞ்சு அவ கையோட வந்தாலும் பரவாயில்ல, நீ புடுங்கிக்காத.”

பெற்றவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். சின்ன விரல்கள் தடவித் தடவி மடலைக் கண்டுபிடித்தன. அழுகை விக்கலாகிக் குறைந்தது.

தையல்காரிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்திருந்தது. கேட்டது கைவிட்டுப் போகிற வேளையில் அது எப்படி வந்தது என்று விளங்கவில்லை. பிள்ளையைக் கொடுத்த ஆண்டவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்று மட்டும் தோன்றியது.

தெருமுனை திரும்புமுன் குழந்தை தூங்கிவிட்டதாகக் கூடப்போன அதிகாரி பிறகு போனில் சொன்னார்.

மாலையில் தையல்காரி தன் தோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இடது காதில் துளை தூர்ந்திருந்தது.