பளபளப்பு

நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மைன்ஸில் ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் ராஜேந்திரனுக்கு, சாமான் கட்ட மரப்பெட்டிகள் அடித்த கூலி. அதைக் கேட்டு தச்சன் கலியன் மறுபடியும் வாசலில் வந்து நின்றான்.

ராஜேந்திரன் பணத்துக்குப் பதில் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார்.

"ஜப்பான்ல செஞ்சது கலியா. கப்பல்ல இருந்த சிநேகிதர் எங்கப்பாவுக்குக் குடுத்தது. சனிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து ஆள் வர்றாரு, அறுபதாயிரம் சொல்லியிருக்காரு. புதுசு மாதிரி பளபளன்னு பண்ணிக் குடு. வித்த கையோட ஒன் கணக்கை முடிச்சிடறேன்."

வெயிலில் காய்ந்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேலெழும்பியிருந்தது. கலியன் வீட்டில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி அதை ஒட்டி இறுக்கினான். கிட்டாரின் நடு ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே தாங்கு கட்டைகள் ஒவ்வொன்றும் நுனியில் மெலிந்து, தடவினால் வழுக்கின. ஓட்டையின் உள்ளோரத்தில் பென்சிலில் ஏதோ ஜப்பான் எழுத்து, செய்தவன் பெயராயிருக்கும்.

"யாரும் பாக்காத எடத்தையும் இழைச்சிருக்கான் பாரு. கெட்டிக்காரன்."

"அவன் கூலிய வாங்கிக்கினு இழைச்சான். நீ?" என்றாள் அவன் மனைவி சாமியம்மாள். "திங்கக்கெழம பொண்ணு தமிழ்நிலாவுக்கு ஹாஸ்டல் பணம் கட்டணும்."

கலியன் சிரித்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தில் அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். பிறகு பழுத்த தேன் நிறமாயிருந்த பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். வார்னிஷ் அடித்தான். கிட்டார் கல்யாண வீட்டுக் கட்டிலைப் போல மின்னியது.

சனிக்கிழமை வந்த பிரவீன்குமார் உறையைத் திறந்ததும் தலையில் கை வைத்தார்.

"யார் சார் தேய்ச்சது? அந்தப் பழைய பூச்சுக்குத்தானே பாதி விலை!"

வாசித்துப் பார்த்தார். காலி ஹாலில் நாதம் சுற்றி வந்தது. "பிரிட்ஜ் வேலை சுத்தம். ஆனா நாப்பதுக்கு மேல தர முடியாது."

ராஜேந்திரன் வாங்கி எண்ணிப் பையில் வைத்தார். கூலிக்காக நின்றிருந்த கலியனிடம் திரும்பினார். "ஒன்னால இருபதாயிரம் போச்சு. அதுல ஒன் கூலி கழிஞ்சிது. மீதிய நான் கேக்கல. கணக்கு தீர்ந்துச்சு, போ."

"பளபளன்னு கேட்டது நீங்கதான சார்?"

"வேலைக்காரன் நீதானே? ஒனக்குத் தெரிய வேணாமா?"

"அந்தப் பூச்சுக்கு வெல இருக்குன்னு எனக்குத் தெரியல சார். ஒங்களுக்குந்தான் தெரியல. பொட்டி அடிச்ச கூலி வேற கணக்கு."

ராஜேந்திரன் உள்ளே போய்விட்டார்.

கலியன் பிரவீன்குமாரின் காரருகே வந்தான். "சார், உள்ள ஜப்பான்காரன் பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு. பிரிட்ஜு திரும்ப எழும்பினா திட்டறதுக்கு ஆள் தெரியணும் பாருங்க."

கார் கிளம்பியது. கலியன் உளிப்பையை சைக்கிளில் கட்டினான். ராஜேந்திரனின் சாமான் லாரி, பிளாக் முனையிலிருந்த வேகத்தடையில் ஏறித் தடாலென்று இறங்கியது. பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றுகூட ஆடவில்லை.