பழந்துணிப் பெட்டி

ஜன்னலோர மூலை துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது.

ஜிப் வாங்கக் கடைவீதிக்குப் போய்த் திரும்பிய தையலக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். தையல் மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில் இடுப்பளவுக்குக் கிடந்த துணிக் குவியலைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மூங்கில் கூடை, கூடைக்குள் ஒரு செடி, செடியின் கழுத்தில் இன்னும் கழற்றாத விலைச்சீட்டு.

"இங்க இருந்த துணியெல்லாம் எங்கங்க?"

சோபாவுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த கணவர் மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார். "கீழ பழந்துணிப் பெட்டியில போட்டுட்டேன். மறுசுழற்சிக்குப் போயிரும். ஒரு நூல்கூட வீணாகாது, கவலைப்படாதே."

"ஐயோ! அது ஊரார் துணிங்க! தைக்கக் கொடுத்த துணி!"

"எல்லாம் கிழிசலா இருந்துச்சே?"

"கிழிஞ்சதாலதான் தைக்கக் கொடுத்தாங்க! கிழியாத துணியை எங்கிட்ட எதுக்குக் கொடுக்கப் போறாங்க?"

காபி குடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் புரையேறியது. "ஆஸ்பத்திரியில இருக்கிற நோயாளியையெல்லாம் வெளியே அனுப்பிட்டு, இடம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருன்னு சொல்ற மாதிரி இருக்குண்ணா."

தையலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் இந்தப் 'பசுமை வீடு' போட்டி வந்ததிலிருந்துதான். குடியிருப்புச் சங்கம் அறிவித்த நாளிலிருந்து கணவர் கால் தரையில் பாவவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பேசி, 'பச்சை சார்' என்ற பட்டப்பெயரும் வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் ஒழிப்பு என்று சொல்லி, நன்றாக இருந்த டப்பாக்களையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வரவழைத்தார். அவை அட்டைப் பெட்டிக்குள் அட்டைப் பெட்டியாக, நடுநடுவே தெர்மாகோல் அடைத்து வந்து இறங்கின. உறிஞ்சு குழல் வைத்து யாருமே குடிக்காத வீட்டில் எவர்சில்வர் குழல் ஒரு டஜன்.

சட்டியை மூடிச் சமைப்பது, வாஷிங் மெஷின் நிறையத் துணி சேர்ந்த பிறகே போடுவது, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது, பழைய திரைச்சீலையில் காய்கறிப் பை தைப்பது எல்லாம் வருஷக்கணக்காகத் தையலக்காவின் பாடு. அதையெல்லாம் போட்டிக்கு வீடியோ எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. பார்க்க லட்சணமாக இல்லையாம்.

"அதுல மாடி வாத்தியாரோட கோட்டு இருக்குங்க. நாளைக்குக் காலையில அதைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கு நேர்முகம் போறாரு. அவர்கிட்ட இருக்கிறதே அந்த ஒரே கோட்டுதான். வாங்க, கீழே போகலாம்."

"பெட்டி பூட்டியிருக்கு. சாவி சங்கச் செக்ரட்டரி மேடம்கிட்ட இருக்கு. அவங்க இப்ப ஜட்ஜுங்களோட வீடு வீடா வந்துக்கிட்டிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீட்டைப் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் நைசா சாவியைக் கேட்டு வாங்கிக்கலாம்."

"பெட்டியை எடுக்க இன்னைக்கு வண்டி வருமே! துணியைக் கிழிச்சுப் பஞ்சாக்கி மெத்தைக்குள்ள அடைக்கிற இடத்துக்குப் போயிட்டா, நான் எந்த மெத்தையைப் பிரிச்சு வாத்தியார் கோட்டைத் தேடுறது?"

"இப்பப் போய்க் கேட்டா பேரு கெட்டுரும்மா."

"யார் பேரு?"

அவர் குனிந்து செடியின் விலைச்சீட்டைக் கழற்றத் தொடங்கினார். ஜிப் பையை நாத்தனார் மடியில் போட்டுவிட்டுத் தையலக்கா செக்ரட்டரியைத் தேடி எதிர்ப்படிக்கட்டில் ஏறினாள்.

உச்சி மாடியில், யார் வீட்டுப் பால்கனியிலோ கீரைத் தொட்டியை மெச்சிக்கொண்டிருந்தார் செக்ரட்டரி. பக்கத்தில் நடுவர்கள் இரண்டு பேர். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த கணவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மேடம், துணி கொஞ்சம் மாறிப்போச்சு..."

"மாறலை மேடம். தைக்க வந்த துணியை இவரு அள்ளிக் கொண்டுபோய்ப் பழந்துணிப் பெட்டியில போட்டுட்டாரு. சாவி வேணும், இப்பவே."

கீழே வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள்.

செக்ரட்டரி வண்டியை நிறுத்திவைத்துப் பெட்டியைத் திறந்ததும் தையலக்கா கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இடுப்புவரை உள்ளே நுழைந்தார். யாரோ ஈர மிதியடியைப் போட்டிருந்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பள்ளிக்கூடச் சீருடை வந்தது, நர்சம்மாவின் வெள்ளைக் கவுன் வந்தது, கடைசியில் கோட்டும் வந்தது. முதுகில் மிதியடியின் அழுக்கு அப்பியிருந்தது.

நடுவே ஒரு புதுக் கருக்கு மாறாத பேன்ட். ஜிப் மட்டும் போயிருந்தது.

"இது யாருது? என்கிட்ட கொடுத்திருந்தா அரை மணி நேரத்துல மாத்திக் கொடுத்திருப்பேனே!" என்றாள் தையலக்கா.

செக்ரட்டரி அம்மா இருமினார்.

நடுவர்களில் வயதானவர், "இப்படி நிறையப் பேருக்குத் தைச்சுக் கொடுக்கிறீங்களாம்மா?" என்று ஆர்வமாகக் கேட்டார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"ஆமா சார்! எங்க வீட்டுல பழுதுபார்க்கிற பணி ரொம்ப வருஷமா நடக்குது. மார்க் போடும்போது அதையும் சேர்த்துக்கணும்."

தையலக்கா அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது.

"எங்க வீட்டுலயா? அந்த மூலையைப் பார்த்தா மானம் போகுதுன்னு சொன்னது யாருங்க? வீடியோவுல தெரியக்கூடாதுன்னு போர்வை போட்டு மூடினது யாரு? காலையில வரைக்கும் அது குப்பை. இவர் ஆர்வமா ஒரு வார்த்தை கேட்டதும் பணியா?"

"எல்லார் முன்னாடியும்..."

"எல்லார் துணியையும்தானே போட்டீங்க!" அவள் செக்ரட்டரி பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்கு வராதீங்க மேடம். பேரை எடுத்திருங்க. இந்த அழுக்கை விடியறதுக்குள்ள போக்கணும், எங்களுக்கு வேலை கிடக்கு."

வீட்டுக்கு வந்து கோட்டைச் சோப்பு நுரையில் தேய்த்து, அலசி, பிழிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அழுக்கு பெரும்பாலும் போய்விட்டது. முதுகில் ஒரு கறை மட்டும் மங்கலாகத் தங்கிவிட்டது. உள்ளே கிழிந்த லைனிங் அப்படியே இருந்தது, அதைத் தைத்துவிடலாம். கறையை என்ன செய்வது?

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் கணவர், சுரத்தில்லாத குரலில்.

அவள் ஈரக் கோட்டை அவர் கையில் வைத்தாள். "மாடிக்குப் போங்க. என்ன நடந்துச்சுன்னு வாத்தியார்கிட்டச் சொல்லுங்க. உங்க புதுக் கோட்டு அவருக்குச் சேருமான்னு கேளுங்க. தோள் பிடிச்சா நான் பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்."

"நீ கூட வாயேன்."

"நான் எதுக்கு? பெட்டியில போடும்போது என்னைக் கூப்பிட்டீங்களா?"

அவர் படியேறினார். மனசு கேட்காமல் தையலக்கா பாதிப் படிவரை போய் நின்றாள். நாத்தனாரும் காபி டம்ளரோடு வந்து சேர்ந்தாள்.

கதவு திறந்தது.

"அடடே, பச்சை சாரா! என்ன, பரிசு நமக்குத்தானே?"

அவர் கோட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாத்தியார் வீட்டு வாசலில் விழுந்தது. படியில் நின்ற இரண்டு பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார்.

"வாத்தியாரே, ஒரு தப்பு பண்ணிட்டேன்..."