அழைப்பிதழில் அச்சான பாஸ்வேர்டு

1
இது சுற்றறிக்கையாகத்தான் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பொருள், பார்வை, ஐயா எல்லாம் போட்டு, ஒரத்தநாட்டில் எங்கள் தெருக்காரர்களுக்கு எழுதினேன். வாட்ஸ்அப்பில் 'பொருள்' என்ற சொல்லைத் தாண்டி யாரும் படிப்பதில்லை. கதை என்றால் படிப்பார்கள் என்றாள் என் மகள் விண்ணரசி.

2
முதல் தொடக்கம்: குறுவை அறுப்பு முடிந்த ஒரு பிற்பகலில், முகமூடி அணிந்த ஒருவன் மிக்கேல்ராஜ் வீட்டு வைஃபையை…

[மிக்கேல்ராஜ் நான்தான். முகமூடிக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது.]

இரண்டாம் தொடக்கம்: திருடன் வேறு யாருமல்ல, அவன்…

[திருடன் என்று எழுதிவிட்டு நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?]

உண்மை இதுதான். எங்கள் புது வீட்டைப் பாதிரியார் மந்திரித்த விழா அழைப்பிதழில், 'மதிய உணவு' என்ற வரிக்குக் கீழே, வைஃபை பாஸ்வேர்டை அச்சடித்தவன் நானே. வெளியூர்க்காரர்கள் சிரமப்படக் கூடாதே. பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

3
சென்னைக் கம்பெனி ஒன்று விண்ணரசியை வீடியோவில் நேர்காணல் செய்தது. பாதிப் பதிலில், வாய் திறந்தபடி திரையில் நின்றுபோனாள். வியாழன் மூன்று மணிக்கு இன்னொரு முறை, அதுதான் கடைசி என்றார்கள். ரவுட்டரில் பார்த்தால், எங்களுடையது போக பதினோரு போன்கள். விண்ணரசி பாஸ்வேர்டை மாற்றினாள். மற்றவர்களுக்கு வேகம் குறைந்த தனி இணைப்பு ஒன்றும் போட்டு, அதற்கு 'விருந்தினர்' என்று பெயர் வைத்தாள்.

அரை மணியில் பக்கத்து வீட்டு வைரக்கண்ணு அண்ணன் அழைப்பிதழோடு வந்தார்.

[இவரைக் கொஞ்சம் முன்கோபியாகக் காட்டலாமா என்று யோசித்தேன். அவரும் படிப்பார். பேசியதை மட்டும் தருகிறேன்.]

"தம்பி, இதுல போட்டது இப்ப செல்லாதா?"

"விருந்தாளிகளுக்குன்னு தனி லைன் போட்டிருக்கோம்ண்ணே."

"யாரு விருந்தாளி? உங்க வீட்டுத் தளத்துக்கு இருபத்தோரு நாள் என் போர்லேருந்து தண்ணி வுட்டேனே, நானா?"

"பாதுகாப்புக்குண்ணே."

"எங்ககிட்டேருந்தா?"

அண்ணன் எங்கள் கூடத்துச் சுவரைக் கைகாட்டினார்.

"செவுத்துல மாட்டியிருக்கே கடியாரம், அது நாங்க குடுத்தது. அதுல மணி பாக்கக் கூடாதுன்னு நாங்க சொன்னமா?"

பொழுது சாய்வதற்குள் பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்தேன்.

"அவரு கடியாரம் பெருசாப் போச்சு, என் வேலை சின்னதாப் போச்சு, அப்படித்தானப்பா?" என்றாள் விண்ணரசி.

4
முடிவு (அ): வேலை கிடைக்கிறது.
முடிவு (ஆ): மறுபடியும் வாய் திறந்தபடி நிற்கிறாள்.

இரண்டும் தயார். எதை ஒட்டுவது என்பது என் கையில் இல்லை. இன்று வியாழன், மணி இரண்டு ஐம்பது. கதையைத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இணைப்பில் படிக்கிறவர்கள் அருள்கூர்ந்து ஒரு மணி நேரம் வைஃபையை அணைத்து வைக்கவும்.

5
அனுப்பியதும் ரவுட்டர் பட்டியலில் பதினொன்று ஏழானது. பிறகு மூன்று. வைரக்கண்ணு அண்ணன் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, அணைத்த போனைத் தூக்கிக் காட்டுகிறார்.

மூன்று மணி. விண்ணரசி கேமராவைத் திறக்கிறாள். பட்டியலில் இன்னும் ஒரே ஒரு போன். முடிவு தெரியாமல் போக மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒரு போன் என்ன செய்துவிடும் என்கிறீர்கள். பதினோரு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முடிவு இருக்கிறதுங்க. நீங்கள் போன பிறகுதான் நடக்கும்.